நுண்கட்டுப்படுத்திப் பலகை: சில்லைப் பொருத்துமுன் அளந்தறிக

ஏடிமெகா 328பி என்னும் 28 கால் நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு பயிற்சிப் பலகை அமைக்கப் புகும் மாணவர், முதலில் அதற்குரிய சாக்கெட்டை மட்டுமே பற்றவைத்தல் வேண்டும். பின்னர் மின்சாரம் செலுத்தி, நேர்முனைகளான 7, 20ஆம் துளைகளுக்கும் எதிர்முனைகளான 8, 22ஆம் துளைகளுக்கும் இடையே 5 வோல்ட் உளதா என அளந்தறிக. 6 வோல்ட்டை மீறின் சில்லு பழுதுறக்கூடும்.

அடுத்து, 7, 20ஆம் கால்களை ஒட்டி எதிர்முனைக்கு 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்று இணைத்தல் இன்றியமையாதது. சில்லு திடீரென வேண்டும் மின்னோட்டத்தை நீண்ட கம்பி உடனே தர இயலாது. அருகிலுள்ள மின்தேக்கியே தரும். அஃதில்லாத பலகை இன்று இயங்கினும் நாளை நின்றுபோகலாம். முதற்காலை 10 கிலோ ஓம் தடைவழி 5 வோல்ட்டுடன் இணைத்தால், இடையிடையே தானாக மீளத் தொடங்கும் குறையும் பெரிதும் நீங்கும்.

மின்சுற்றின் பழுதைத் தன் நிரலில் தேடி மாணவன் சோர்வுறாவண்ணம், ஆசிரியர் முதலில் மல்டிமீட்டரை அவன் கையில் கொடுப்பாராக.