குட்டிக்கு முதலில் சூடு, அப்புறம்தான் பால்

நாய் குட்டி போட்ட வீட்டிலிருந்து வரும் கேள்விகளில் முக்கால்வாசி பாலைப் பற்றித்தான். எந்தப் பால், எவ்வளவு, பாட்டிலா சிரிஞ்சா? அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: குட்டியின் உடம்பு சூடாக இருக்கிறதா?

பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. முதல் வாரத்தில் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவையும் தரும் கதகதப்புதான் அதற்கு உயிர். அப்போது உடல் வெப்பம் 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் குடல் இயக்கம் நின்றுபோகும். அந்த நேரத்தில் புகட்டும் பால் செரிக்காமல் தேங்கும். மேலே ஏறி நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம். பாசத்தோடு கொடுக்கும் பாலே குட்டியைக் கொன்றுவிடுகிறது.

சுண்டுவிரலைக் கழுவிவிட்டுக் குட்டியின் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நல்ல குட்டி வெதுவெதுப்பான நாக்கால் விரலைச் சுற்றிப் பிடித்து இழுத்துச் சப்பும். குளிர்ந்துபோன குட்டியின் வாய் சில்லென்று இருக்கும். தாடை தொய்ந்து கிடக்கும், சப்பாது. அதைப் பருத்தித் துணியில் சுற்றி மார்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள். வெந்நீர் பாட்டிலை நேராக ஒட்டி வைத்தால் தோல் வெந்துவிடும். சூடு ஏறியதும் குளுக்கோஸ் தண்ணீரை ஈறில் ஒரு சொட்டு தடவி, சப்பத் தொடங்கியபின் தாயிடம் விடுங்கள். அப்படியும் சப்பாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்கள், "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்பார்கள். மார்கழியை விடுங்கள்; சித்திரையில்கூட மின்விசிறிக்கு நேர் கீழே வெறும் சிமெண்டுத் தரையில் கிடக்கும் குட்டி குளிர்ந்துபோகும். சாக்கைத் தடிமனாக விரித்து மேலே பழைய வேட்டியைப் போடுங்கள். முதல் வாரம் படுக்கையருகில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பல்பு தொங்கவிட்டால் ஒரு மூலையில் மட்டும். சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டும். குவிந்து கிடந்து கத்தினால் குளிர்கிறது, சிதறிக் கிடந்து மூச்சு வாங்கினால் வேகிறது. அந்த அறையில் பினாயில் வேண்டவே வேண்டாம்.

சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்தத்தில் சேர்வது முதல் நாள் மட்டுமே, அதிலும் முதல் 12 மணி நேரத்தில்தான் அதிகம். இளைத்த குட்டியைப் பால் கூடுதலாகச் சுரக்கும் பின்காம்பில் பிடித்து வையுங்கள். தொப்புள்கொடியின் முனையில் போவிடோன் அயோடின் தடவுங்கள்.

அடுத்து ஒரு டிஜிட்டல் தராசு. தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதுங்கள். 400 கிராமில் பிறந்த குட்டி நாளுக்கு 20 முதல் 40 கிராம் ஏற வேண்டும். நன்றாக ஏறினால் பத்துப் பன்னிரண்டு நாளில் எடை இரட்டிப்பாகும். முதல் நாள் லேசாகக் குறைவது பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் ஏறாமல் நின்றாலே எச்சரிக்கைதான். வாடிப்போகும் குட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசில் தெரிந்துவிடும்.

தாய்க்குப் பால் இல்லையென்றால் பசும்பால் ஈடாகாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதைவிட இரு மடங்குக்கும் மேல். நாய்க்குட்டிக்கென விற்கும் பால்பவுடரை வாங்குங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள், வயிறு கீழே இருக்கட்டும். தாயில்லாக் குட்டிக்கு ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். மூன்று வாரம் வரை தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது.

தாயையும் கவனியுங்கள். குட்டி போட்ட சில வாரங்களில் அது நிலைகொள்ளாமல் இரைத்து, கால் விறைத்து நடுங்கினால் கால்சியம் இறங்கிவிட்டது என்று பொருள். குட்டிகளைப் பிரித்துவிட்டு, நடுராத்திரியானாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

உருண்டைப்புழு கருவிலேயே தொற்றும், கொக்கிப்புழு பால் வழியே வரும். அதனால் 2, 4, 6, 8 வாரங்களில் மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து, தாய்க்கும் சேர்த்து. உண்ணியைக் கையால் பொறுக்குங்கள், பெரிய நாய்க்குரிய மருந்தைக் குட்டிமேல் ஊற்றாதீர்கள். பார்வோ தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி 16 வாரம் வரை விடாமல் போட வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதை மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் தடுக்கின்றன. நாள் நெருங்கினாலும் முன்பணத்துக்காக அவசரப்படாதீர்கள்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. ஐந்து வாரம் ஆனதும் ஒவ்வொரு குட்டியாகத் தனியே தூங்கவைத்து, அதன் பார்வையில் படாமல், தரை அதிராமல் எவர்சில்வர் தம்ளரைத் தட்டிப் பாருங்கள். காது அசையாத குட்டியை விஷயத்தை மறைத்து விற்காதீர்கள். அதை ஈன்ற ஜோடியை மறுபடி இணை சேர்க்கவும் வேண்டாம்.