இறுகிப்போன போல்ட்டும் அவசரக்காரத் தம்பியும்

தம்பி, பழைய அவுட்போர்டு எஞ்சினை வாங்கி ஸ்டாண்டில் மாட்டியாகிவிட்டது. அடுத்து உன் கை நீளமான பைப்பைத்தான் தேடும். ஸ்பானர் நுனியில் அதைச் செருகித் தொங்கினால் வராத போல்ட் கிடையாது. ஆனால் பாதிதான் வரும். மீதி துளைக்குள்ளேயே நின்றுகொள்ளும். "அக்கா, ஆறு எம்எம் போல்ட் ஒண்ணு குடுங்க" என்று என் கடைக்கு வருகிறவர்கள் பலர் கையில் பழைய போல்ட்டின் தலை மட்டும்தான் இருக்கும். மிச்சம் எங்கே என்று நான் கேட்பதில்லை, முகமே சொல்லிவிடும்.

அதனால் முதல் நாள் எதையும் கழற்றாதே, பார்க்க மட்டும் செய். எந்த உலோகத்துக்குள் எந்த உலோகம் உட்கார்ந்திருக்கிறது என்று பார். இரும்புக்குள் இரும்பு என்றால் செந்துரு. தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். மரை இடுக்கில் அவ்வளவு இடம் ஏது? அதான் இறுக்கம். உன் அவுட்போர்டில் கதை வேறு. உடம்பு அலுமினியம், போல்ட் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டுக்கும் நடுவில் கடல்தண்ணி புகுந்துவிட்டால் அங்கே ஒரு குட்டி பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். அதில் கரைவது அலுமினியம்தான், போல்ட் இல்லை. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மரையைச் சுற்றி இறுகும். ஆகவே போல்ட் தலை பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறாதே. தலையோரம் பெயின்ட் உப்பியிருந்து, நகத்தால் கீறினால் வெள்ளையாக உதிர்ந்தால், உள்ளே நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நம் கரையில் இது சீக்கிரம் நடக்கும். காய்ந்த உப்புதானே என்று விட்டுவிடுகிறோம். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் ஈரம் குறைவாக இருக்கும் நாளிலும் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து கிடக்கும் எஞ்சினுக்குள்ளும் அரிப்பு நிற்பதில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரிப்பு விடவில்லை. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது, 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த அரிப்பை ஆராயவே மண்டபத்திலும் நம் தூத்துக்குடியிலும் மையம் வைத்திருக்கிறது. இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் உன் பழைய 9.9 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாம் நாள் எண்ணெய். அதற்கு முன் கம்பி பிரஷால் போல்ட் தலையைச் சுற்றித் தேய்த்து, உப்பையும் பெயின்ட்டையும் எடுத்துவிடு. மேலே அடைத்திருந்தால் எந்த எண்ணெயும் உள்ளே இறங்காது. எல்லோரும் கேட்டு வாங்கும் டபிள்யூடி-40 மோசமில்லை. ஆனால் 1953-ல் அமெரிக்காவில் அதைத் தயாரித்தது அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டில் ஈரம் தங்காமல் இருக்க. ஈரத்தை விரட்ட அது கெட்டி. பல வருஷம் இறுகிய மரைக்குள் ஊறி இறங்க, அதற்கென்றே விற்கிற ஊடுருவும் எண்ணெய்தான் வேண்டும். காசு போதாதென்றால், பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்துகொள். இரண்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், நெருப்பையும் சட்டென்று பிடிக்கும். பக்கத்தில் ஒருத்தன் பீடி பற்றவைத்தால் முதலில் அவனை எழுப்பி அனுப்பு.

சொட்டு விட்டதும் ஸ்பானரை எடுக்காதே. போல்ட் தலையில் பித்தளைத் துண்டை வைத்து, சின்னச் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டு. போல்ட்டை உடைக்க இல்லை, அந்த வெள்ளைப் பொடியில் விரிசல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கத்தான். வார்ப்பு அலுமினியம் விரிசல் விட்டுவிடும், பலமாக அடிக்காதே. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று சொட்டு விட்டு, தட்டி, அப்படியே விட்டுவிடு. எஞ்சினைச் சாய்த்து வைத்து எண்ணெய் மரைப் பக்கம் இறங்கும்படி செய்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று நாள் இப்படிப் பொறுக்கிறவனுக்கு லேத் செலவு மிச்சம். உனக்கு இந்தப் பொறுமை வருமா என்பதுதான் என் சந்தேகம்.

அதற்கும் அசையவில்லை என்றால் சூடு. அலுமினியம் சூடானால் சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், எஸ்.எஸ்.ஸைவிடவும் கூடுதலாக விரியும். அதனால் போல்ட் தலையைச் சுடாதே, அதைச் சுற்றியிருக்கும் அலுமினியத்தைச் சுடு. துளை பெரிதாகிப் பிடி தளரும். கேஸ் டார்ச் வேண்டாம். இரும்பு செக்கச்செவேல் என்று ஆகி நமக்கு எச்சரிக்கை தரும். அலுமினியம் நிறமே மாறாமல் 660 டிகிரியில் இளகி விழுந்துவிடும். ஹாட் ஏர் கன் போதும். பெயின்ட் கருகும் வாசனை வந்தால் நிறுத்து. பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், ஹோஸ் எல்லாவற்றையும் முன்பே கழற்றி வேறு பக்கம் வைத்துவிடு. அசிட்டோன் கலவை விட்ட இடத்தைத் துடைத்துக் காய வைத்த பிறகுதான் சூடு காட்ட வேண்டும். கை வைக்க முடியாத அளவு சூடு இருக்கும்போதே மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தேய்த்துப் பார். உருகிய மெழுகு இடுக்கை நோக்கி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கால்வனைஸ் பூசிய இரும்பு போல்ட்டாக இருந்தால் அதைச் சுடவே வேண்டாம். துத்தநாகப் புகை உள்ளே போனால் அன்று ராத்திரி காய்ச்சலில் கிடப்பாய்.

இப்போது ஸ்பானர். ஓப்பன் ஸ்பானரைத் தூர வை. ஆறு பட்டை பாக்ஸ்தான் சரி. பன்னிரண்டு பட்டை பாக்ஸ் தேய்ந்த தலையில் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். மில்லிமீட்டர் போல்ட்டில் 'கிட்டத்தட்டச் சரியாக' உட்காரும் அங்குல ஸ்பானரும் அதே வேலையைத்தான் செய்யும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாதே, இறுக்கும் பக்கம் மெல்ல ஒரு இம்மி கொடு. ஒட்டியிருப்பது 'டக்' என்று விடும். அதற்குப் பிறகு கழற்று. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. கிரீச் என்று கத்தினால் பயமில்லை, போல்ட் நகர்கிறது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: கை திரும்பும், ஆனால் இறுக்கம் மாறாது, ரப்பரை முறுக்குவது போல் கையில் குழையும். அந்த நொடியில் கையை எடு. போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் அறுந்துவிடும். மறுபடி எண்ணெய்க்கும் சூட்டுக்கும் போ.

அறுந்தே போனாலும் உடனே ஈசி-அவுட் வாங்க ஓடிவராதே. என் கடையில் விற்கிற சாமான்தான், இருந்தும் சொல்கிறேன். போல்ட் வராத இடத்தில் ஈசி-அவுட்டே உடைந்துபோகும், அதன் கெட்டி எஃகில் சாதாரண டிரில் ஏறாது. போல்ட்டின் மிச்சம் கொஞ்சமாவது வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவில் வெல்டிங் அடிக்கச் சொல். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, போல்ட்டில் மட்டும் பிடிக்கும். அந்தச் சூட்டிலேயே பாதி தளர்ந்துவிடும். பிறகு நட்டோடு சேர்த்துத் திருப்பிவிடலாம். ஒன்றுமே வெளியே இல்லையென்றால் சரியாக நடுவில் புள்ளி குத்தி, இடது பக்கம் சுற்றும் டிரில்லால் துளைக்க வேண்டும். அந்த டிரில்லே சில நேரம் போல்ட்டைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிடும். இது கை நடுங்காதவர் வேலை, உனக்கில்லை. டிரில் ஓடுகிற இடத்தில் யார் நின்றாலும் கண்ணில் கண்ணாடி இருக்க வேண்டும்.

பித்தளைச் சாமானில் வேறு கவனம். வால்வை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார். மஞ்சளாக இருந்தால் பிழைத்தது. இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்புதான் மிச்சம், தட்டினால் பிஸ்கட் மாதிரி உடையும். அதைக் காப்பாற்ற நினைக்காதே, மாற்றிவிடு. பச்சைக் களிம்புதான் பிரச்னை என்றால் குத்துவிளக்குக்குப் போடும் அதே புளி போதும். ஆனால் புளியோ சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ அலுமினியத்தின் பக்கமே போகக்கூடாது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1961-க்குப் பிறகு நம் கரையில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. சங்குக்கு இன்றும் இறங்குகிறார்கள். அந்த வள்ளத்தில் கீழே இறங்கியவருக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரும் உன்னிடம் ரிப்பேருக்கு வரும். அதன் வால்வு எவ்வளவு இறுகியிருந்தாலும் ஸ்ப்ரே அடிக்காதே. நீ அடிக்கும் எண்ணெய் ஹோஸ் வழியாக அந்த மனுஷர் நுரையீரலுக்குத்தான் போகும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பாகம் பாகமாகக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்.

கழற்றியதைத் திரும்பப் பூட்டுவதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். துளைக்குள் இருக்கும் வெள்ளைப் பொடியைச் சரியான அளவு மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தமாக எடு. கருப்பாக இருக்கும் கிராஃபைட் கிரீஸ் அலுமினியத்துக்கு ஆகாது. கிராஃபைட்டும் ஒரு உலோகம் போல மின்சாரம் கடத்தி அரிப்பைக் கூட்டும். செம்பு கலந்த பேஸ்ட்டும் அப்படித்தான். தண்ணியில் கரையாத மெரைன் கிரீஸ் அல்லது துத்தநாகம் கலந்த பேஸ்ட் வாங்கு. பேஸ்ட் தடவிய போல்ட் வழுக்கிக்கொண்டு ஏறும், காய்ந்த போல்ட்டுக்குக் கொடுக்கும் பலத்தைக் கொடுத்தால் மரை பிய்ந்துவிடும். எஸ்.எஸ். நட்டை எஸ்.எஸ். போல்ட்டில் மெஷின் வைத்து வேகமாகச் சுற்றாதே, சூட்டில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கியர் பெட்டிப் பக்கம் திருகியிருக்கும் ஆனோடுக் கட்டியைப் பார். மற்றதற்குப் பதில் தான் கரைவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். பாதி கரைந்திருந்தால் மாற்று. பல வருஷமாகியும் புதுசாகவே இருந்தால் யாரோ அதன்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், சுரண்டி எடு.

கடலுக்குப் போய் வந்த அன்றே எஞ்சினை நல்ல தண்ணியில் ஓடவிடு. வீட்டு போரிங் தண்ணி வேண்டாம், அதுவே உப்பு. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணியை ஒரு டிரம்மில் பிடித்துவை. அம்மா குடிதண்ணியை வீணாக்குகிறாய் என்று சத்தம் போடுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்தும் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட் அசையவில்லை என்றால் ஏப்ரல் 15-க்கு முன்னால் லேத் பட்டறைக்குக் கொண்டு போய்விடு. அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். 61 நாளும் விசைப்படகு வேலைதான் பட்டறையில் குவிந்து கிடக்கும், உன் எஞ்சினுக்கு முறை வர ஜூன் ஆகிவிடும்.