தொட்டியிலேயே வல்லாரை

பினாங்குச் சந்தைகளில் 'பெகாகா' என்று கேட்டால் கிடைப்பது நம் வல்லாரைதான். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் தழைக்கும். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியே போதும்.

● வேரோடு உள்ள கட்டாகப் பார்த்து வாங்குங்கள். இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கணுவில் வேர்விட்ட தண்டுகளை நடுங்கள்.

● கொடி பக்கவாட்டில் ஓடும். ஆழமான தொட்டியைவிட, 15 செ.மீ. ஆழமுள்ள அகலத் தொட்டியே ஏற்றது. தோட்டமண் 2 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள்.

● காலை வெயில் போதும். உச்சிவெயில் பட்டால் இலை மஞ்சளித்துச் சிறுத்துவிடும். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் காலை, மாலை இருவேளையும் நீர் ஊற்றுங்கள்.

● தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டை ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

● முற்றிய இலைகளைக் காம்போடு கத்தரியுங்கள், கொடியை இழுக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை கொடியைப் பிரித்துப் புதுமண்ணில் நடுங்கள்.

● சாக்கடையோரம் தானாக முளைத்ததைப் பறிக்க வேண்டாம். அழுக்கு நீரிலுள்ள உலோக நச்சுகளை இச்செடி உறிஞ்சிக்கொள்ளும்.

துவையலுக்கும் தேங்காய்ப்பூ சேர்த்த பொரியலுக்கும் அருமையான கீரை. கர்ப்பிணிகளும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருந்தாக எடுக்கும்முன் மருத்துவரைக் கேளுங்கள்.