ஏசியா, ஜன்னலா: நெய்வேலிச் சாலைகளில் எரிபொருள் கணக்கு

கார் ஏசியின் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சின்தான். பெட்ரோல் வண்டியானாலும் டீசல் வண்டியானாலும் ஒரு பெல்ட் வழியாக அந்த வேலை நடக்கிறது. நிற்கும் வண்டியில் ஏசி பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காந்தக் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. உடனே எஞ்சின் லேசாகக் குலுங்கும், ஆர்.பி.எம். முள் இறங்கி மறுபடி ஏறும். கூடுதல் சுமையைத் தாங்க எஞ்சின் கூடுதல் எரிபொருள் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஜன்னலைத் திறந்து ஓட்டும்போது செலவு வேறு வழியாக வருகிறது. வழுக்கிப் போக வேண்டிய காற்று உள்ளே புகுந்து சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. ஏசி மணிக்கணக்கில் குடிக்கும். காற்று வேகக் கணக்கில் குடிக்கும். சிறிய காரின் ஏசி மணிக்கு அரை லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் இது கூடும். 60 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் 2 மணி நேரம் ஆகும், ஏசிக்கு மட்டும் 1 லிட்டர். அதே தூரத்தை 60-ல் போனால் ஏசியின் பங்கு அரை லிட்டர்தான். காற்றின் கணக்கு இதற்கு நேர்மாறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்கு, அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. மெதுவாகப் போகும்போது ஏசி விலை உயர்ந்தது. வேகமாகப் போகும்போது திறந்த ஜன்னல் விலை உயர்ந்தது.

நெய்வேலியில் இரண்டு வகைப் பயணமும் உண்டு. 1956-ல் நிறுவப்பட்ட நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்களுக்காக வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியத்துக்குள் வீட்டிலிருந்து பள்ளிக்கு, மெயின் பஜாருக்கு, மருத்துவமனைக்கு என்று சில கிலோமீட்டர் ஓட்டமே அதிகம். ஆர்ச் கேட்டைத் தாண்டிவிட்டால் பண்ருட்டிப் பக்கமும் வடலூர்ப் பக்கமும் நெடுஞ்சாலை.

குறுகிய ஓட்டத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மே மாத மதியத்தில் மரமில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் நின்ற காரில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. சீட், டேஷ்போர்டு, கூரை எல்லாமே சூட்டைச் சேர்த்து வைத்திருக்கும். பத்து நிமிட ஓட்டம் முழுவதும் அந்தச் சூட்டை வெளியேற்றுவதிலேயே ஏசி முழுப் பலத்தையும் செலவழிக்கும். வண்டி குளிரும்போது வீடு வந்துவிடும். கடும் வெப்பத்தில், அதிலும் குறுகிய ஓட்டங்களில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேலும் குறையலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி சொல்வதன் காரணமும் இதுதான்.

அதனால் சேமிப்பு நிறுத்துமிடத்திலேயே தொடங்குகிறது. நகரியத்தின் சாலையோரங்களில் நிழலுக்குப் பஞ்சமில்லை. வாசலுக்கு நேராக வெயிலில் நிறுத்துவதைவிட நூறு அடி தள்ளி மர நிழலில் நிறுத்திவிட்டு நடப்பது லாபம். திரும்பி வரும் நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்பதையும் பார்த்து நிறுத்த வேண்டும். நிழலே கிடைக்காவிட்டால் முன்கண்ணாடிக்கு உட்புறம் வெயில் மறைப்பு அட்டை வைக்கலாம்.

ஏறுவதற்கு முன் உள்ளிருக்கும் அனல் காற்றை விரட்ட வேண்டும். இடது பக்க ஜன்னல் ஒன்றை முழுதாக இறக்கிவிட்டு, வலது பக்கக் கதவை நாலைந்து முறை திறந்து மூடினால் கதவு விசிறிபோல் வேலை செய்து சூட்டை மறுபக்கம் தள்ளிவிடும். பிறகு எல்லா ஜன்னல்களையும் இறக்கி, பிளோயரை வேகமாக வைத்து, ஏசி போடாமல் புறப்பட வேண்டும். இரண்டு தெரு தாண்டியதும் ஜன்னல்களை ஏற்றி ஏசியைப் போடலாம். நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, குளிர்ந்த பிறகு ஏறுவது தவறான வழக்கம். வண்டி நகரும்போது கம்ப்ரஸர் வேகமாகச் சுற்றும், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரிலும் காற்று நன்றாக அடிக்கும். ஓட்டத்தில்தான் சீக்கிரம் குளிரும்.

நகரியத்துக்குள் காலையிலும் மாலையிலும் மணிக்கு 30, 40 வேகத்துக்கு ஜன்னலே போதும். முன் இடது ஜன்னலையும் பின் வலது ஜன்னலையும் பாதி இறக்கினால் காற்று குறுக்கே ஓடி வெளியேறும். பின் ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்தால் சற்று வேகம் கூடியதும் காதில் 'தம் தம்' என்று அடிக்கும். முன் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கினால் அது நிற்கும்.

நெடுஞ்சாலையில் 50-க்கு மேல் ஏறும்போது ஜன்னல்களை ஏற்றத் தொடங்கலாம். 80-ஐத் தொட்டால் மூடிய ஜன்னலும் மிதமான ஏசியும்தான் சரி. எல்லைக் கோடு எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. தாழ்ந்து வழுவழுப்பாக அமைந்த செடானில் திறந்த ஜன்னல் கூட்டும் இழுவை அதிகம். உயரமான பெட்டி வடிவ வண்டியில் அந்த வித்தியாசம் குறைவு, நெடுஞ்சாலையிலும் ஜன்னல் மலிவாகவே அமையலாம். ஆனாலும் மண் லாரிகளுக்குப் பின்னால் தூசியைக் குடித்துக்கொண்டு போய் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்க்கு மதிப்பில்லை. குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் வண்டியில் இருந்தால் அங்கே ஜன்னலை மூடியே ஆக வேண்டும்.

உள்ளே குளிர்ந்ததும் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்த வேண்டும். 40 டிகிரி காற்றைத் திரும்பத் திரும்பக் குளிர்விப்பதைவிட இது எளிது. நீண்ட பயணத்தில் அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுபவருக்குத் தூக்கம் தட்டும். தானியங்கி ஏசியில் 24, 25 டிகிரி வைக்கலாம். திருகும் குமிழ் உள்ள பல கார்களில் குமிழைச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால் மிச்சமாகும் என்று நம்ப முடியாது. குளிர்ந்த காற்றோடு எஞ்சின் சூடு கலக்கிறதே தவிர கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வண்டிகளில் பிளோயரைக் குறைப்பதும், போதுமானபோது ஏசியையே அணைப்பதும்தான் வழி. வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு பிளோயரை மட்டும் ஓடவிட்டால் மிச்சக் குளிர் போதும். உள்ளே ஈரமும் காய்ந்து, மறுநாள் முடை நாற்றம் வராது.

பள்ளி வாசலில் காத்திருக்கும்போது ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டால் அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம். இறங்கி நிழலில் நிற்பது மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் படியும் உள்பனியை ஏசி சில நொடிகளில் உலர்த்திவிடும். பாதை தெரிவதுதான் முக்கியம்.

தூசு மிகுந்த ஊரில் கேபின் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். பெரும்பாலான கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் பொடி திரண்டிருக்கும். தட்டிப் போடலாம், நிறம் மாறிப்போயிருந்தால் மாற்ற வேண்டும். கண்டென்சரில் ஒட்டிய மண்ணையும் பூச்சிகளையும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவ வேண்டும். அழுத்தம் கூடினால் அதன் தகடுகள் மடங்கிவிடும். குளிர் குறைந்ததும் கேஸ் மட்டும் நிரப்புவதில் பயனில்லை. கசிவு எங்கே என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மிச்சம் எவ்வளவு என்று அறிய ஒரே பங்கில், தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். வழக்கமான ஓட்டத்தை ஓட்டி, மறுபடி அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஏசியோடு ஒரு டேங்க், ஜன்னலோடு ஒரு டேங்க் என்று மாற்றி மாற்றி எழுதி வர வேண்டும். டயர் காற்றழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும். பங்கில் நிரப்பும்போதே முன்னும் பின்னும் அரை லிட்டர் வித்தியாசம் வரக்கூடும் என்பதால் ஒரு டேங்கை வைத்து முடிவுக்கு வராமல், ஒவ்வொன்றுக்கும் மூன்று டேங்க் சராசரி எடுத்து ஒப்பிட வேண்டும்.