பூரி போனால் ரகுராஜ்பூர்

கேள்வி: குடும்பத்தோடு பூரி ஜெகந்நாதரைத் தரிசிக்கப் போகிறோம். பட்டசித்திர ஓவியம் ஒன்று வாங்க ஆசை. கடற்கரைக் கடைகளிலேயே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வாங்கலாம். ஆனால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, பட்டசித்திரம் வரைபவர்களின் ஊரான ரகுராஜ்பூருக்கே போய் வாருங்கள் என்பேன். புவனேஸ்வர் சாலையில், சந்தன்பூர் பக்கத்தில் இருக்கிறது. பூரியிலிருந்து ஆட்டோவிலேயே போகலாம். அங்கே வீடுதான் பட்டறை, திண்ணைதான் கடை. ஒடிசி நடன மேதை கேளுசரண் மொகாபாத்ரா பிறந்த ஊரும் அதுதான்.

அவசரப்படாமல் ஒரு திண்ணையில் உட்காருங்கள். பருத்தித் துணியை இரண்டடுக்காகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். வெள்ளை நிறம் சங்கிலிருந்து, கறுப்பு விளக்குப் புகைக்கரியிலிருந்து. ஜெகந்நாதரை நீராட்டும் ஸ்நான பூர்ணிமைக்குப் பின் சுமார் 15 நாள் அவர் தரிசனம் தரமாட்டார். அப்போது கோயிலில் பூஜை நடப்பது, சித்திரகாரர்கள் துணியில் தீட்டிய பட்ட ஓவியங்களுக்குத்தான். அவ்வளவு பெரிய மரபு இது.

வாங்கும்போது ஓரத்துக் கோடுகளை உற்றுப் பாருங்கள். தூரிகையால் இழுத்த கோடு நுனியில் மெலியும். அச்சடித்தது ஒரே கனமாக ஓடும். விலை பேசுவதற்கு முன், வரைய எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்க உங்களுக்கே மனம் வராது. மடிக்க வேண்டாம், பூச்சு வெடித்துவிடும். சுருட்டிக் குழாயில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.