பேண்ட் வந்துவிட்டது, அது எந்தப் புரதம்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நைனார்பாளையம், சின்னசேலம் பக்கமிருந்து உயிர்த்தொழில்நுட்பமோ விலங்கியலோ படித்துவிட்டு, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை என்று ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நேர்காணலில் வெஸ்டர்ன் பிளாட் பற்றிக் கேட்டால் ஜெல், டிரான்ஸ்ஃபர், பிளாக்கிங், பிரைமரி, செகண்டரி என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். ஆள் தேறுவது அடுத்த கேள்வியில்தான்: "வந்த பேண்ட் நீங்கள் தேடிய புரதம்தான் என்று எப்படி நம்புகிறீர்கள்?"

இதற்குப் பதில் சொல்ல, கையில் இருக்கும் ஆன்டிபாடியை அறிந்திருக்க வேண்டும். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் எலியின் ஆன்டிபாடி செல்லைப் புற்றுச்செல்லுடன் இணைத்து மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்க வழி கண்டார்கள். 1984இல் நோபல் பரிசு பெற்றார்கள். முயலில் அதையே செய்ய, இணைக்கத் தகுந்த முயல் புற்றுச்செல் கிடைக்கவில்லை. சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் நைட்டின் குழு 1995இல்தான் அப்படியொரு செல்லை உருவாக்கியது. காத்திருந்தது வீண்போகவில்லை. மனிதப் புரதமும் எலிப் புரதமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, எலியின் உடல் அதை அந்நியமாகவே பார்க்காது. முயல் பல சமயம் பார்த்துவிடும். எலித் திசுவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வசதி: எலி ஆன்டிபாடி போட்டால், செகண்டரி அந்தத் திசுவிலேயே இருக்கும் எலி ஆன்டிபாடியையும் பிடித்துப் பின்னணியைக் கெடுக்கும். முயலுடையதில் அந்தத் தொல்லை குறைவு.

ஆனாலும் குப்பியில் 'முயல் மோனோகுளோனல்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். குளோன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த உயிரினத்தில், எந்த முறையில் சோதித்தார்கள் என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். பிளாட்டில் புரதம் மடிப்பு குலைந்து கிடக்கிறது. அங்கே பிடிக்கும் ஆன்டிபாடி திசுத் துண்டில் பிடிக்க வேண்டும் என்பதில்லை. எடையும் ஏமாற்றும். பி53 கணக்குப்படி சுமார் 44 கிலோடால்டன். ஜெல்லில் 53இல் நிற்கும். பெயரே அப்படி வந்ததுதான். ஆகவே சரியான இடத்தில் பேண்ட் நிற்பது துப்பு மட்டுமே. அந்த மரபணுவை நீக்கிய செல்லில் பேண்ட் மறைகிறதா என்பதே பெரிய சாட்சி. நாக்-அவுட் செல் உங்கள் ஆய்வகத்தில் இல்லையென்றால், எஸ்ஐஆர்என்ஏ கொண்டு அளவைக் குறைத்துப் பாருங்கள். அந்தப் புரதமே இல்லாத செல்வகை ஒன்றையும் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். செகண்டரி மட்டும் போட்ட பிளாட்டையும் மறக்க வேண்டாம்.

சில சிறு விஷயங்களிலேயே உங்கள் அனுபவம் தெரிந்துவிடும். பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும்போது பால் பவுடருக்குப் பதில் பி.எஸ்.ஏ. எடுப்பது வழக்கம், ஏனென்றால் பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். எச்.ஆர்.பி. செகண்டரியில் சோடியம் அசைடு கலந்தால் நொதி செயலிழக்கும், சிக்னல் வராது. முயல் ஆன்டிபாடியால் புரதத்தை இழுத்துவிட்டு, முயல் ஆன்டிபாடியாலேயே பிளாட் செய்தால் 50 கிலோடால்டனிலும் 25 கிலோடால்டனிலும் அந்த ஆன்டிபாடியின் சங்கிலிகளே பேண்டாகத் தெரியும். அதைக் கண்டுபிடிப்பாக எழுதிவிடாதீர்கள்.

ஆராய்ச்சிதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம், மருத்துவமனை நோயியல் ஆய்வகத்திலும் இந்த அறிவு வேண்டும். மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பார்க்கும் எஸ்பி1, ஹெர்2 பார்க்கும் 4பி5 இரண்டும் முயல் மோனோகுளோனல்களே. ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து என்பது அந்தச் சாயத்தைப் பார்த்து முடிவாகிறது. அங்கே கன்ட்ரோல் ஸ்லைடு வைக்காமல் விடுவது மன்னிக்க முடியாதது. 2022இல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நோயியல் துறை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இனி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

படித்துக்கொண்டிருப்பவர்கள் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். எம்.எஸ்சி.க்கு கேட்-பி தேர்வு இருக்கிறது. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதன்வழி கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதத்துக்கு 37,000 ரூபாய். நேர்காணலுக்குப் போகும்போது வெட்டாத முழு பிளாட் படம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு லேனிலும் என்ன ஏற்றினீர்கள், ஏன் ஏற்றினீர்கள் என்று உங்கள் கையெழுத்திலேயே ஓரத்தில் எழுதியிருக்கட்டும்.