இரு கரைக் குடும்பம்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே மேலகரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரிற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்குப் பரிசாக அளித்த நிலம் இன்றும் குறவஞ்சி மேடு எனப்படுகிறது. அந்நூலைப் பயில்வோர் வசந்தவல்லியின் பந்தாட்டத்தையும் குற்றால மலையின் வளத்தையும் நினைவிற் கொள்வர். நூலின் பிற்பகுதியில் வரும் சிங்கனும் சிங்கியும் நகைச்சுவைக்காகவே வந்தவர் என்று எண்ணிவிடுவாரும் உளர். அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது.

சிங்கி குறி சொல்லும் தொழிலுடையவள். நாடு பல சென்று பொருளீட்டுபவள். அவளைக் காணாது தேடியலைந்த சிங்கன், குற்றாலத்து வீதியிலே அவளைக் காண்கிறான். கண்டதும் மகிழ்கிறான், ஆயினும் அவன் வாயில் வருபவை கேள்விகளே. சொல்லாமல் எங்கே சென்றாய் என்கிறான். அடுத்து அவள் அணிந்துள்ள நகைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, இஃது ஏது, அஃது ஏது என்று வினவுகிறான். சேலத்திற் பெற்ற சிலம்பு, கண்டியிற் பெற்ற காலாழி என்று அவளும் தயங்காமல் விடை கூறுகிறாள். அயல்நாடு சென்று மீள்பவரோடு அந்நாட்டின் சாயலும் உடன் வருகிறது. அதனை முதலிற் காண்பவர் அவரை நெஞ்சார நேசிப்பவரே. அவ்வன்பினுள்ளே ஐயமும் ஒளிந்து நிற்கும் என்பதைக் கவிராயர் நன்கறிந்திருந்தார்.

அவர் பாடிய மலையடிவாரத்திலிருந்தே, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின், குடும்பம் குடும்பமாக மக்கள் கடல் கடந்து சென்றனர். அவர்கள் தென்காசியையும், அதற்கு வடக்கே மதுரை செல்லும் சாலையில் உள்ள கடையநல்லூரையும் சேர்ந்த முஸ்லிம் நெசவாளர்.

கைத்தறியையே நம்பி வாழ்ந்த குடிகள் அவை. ஆண்கள் தறியில் அமர்வர். பெண்கள் நூல் சுற்றுவர். பாவு ஓட்டும் வேலையில் வீட்டார் அனைவரும் கூடுவர். இங்கிலாந்தின் ஆலைத் துணி சந்தையில் மலிவாக வந்து குவிந்ததும் தறியின் ஓசை தளர்ந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் எஞ்சியிருந்த வலிமையையும் குலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே இவ்விரண்டு ஊர்களின் நெசவாளர் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் செல்லத் தொடங்கினர். 1904இல் தென்காசி வழியாகக் கொல்லத்திற்கு இருப்புப்பாதை அமைந்தபின், துறைமுகத்தை நாடிச் செல்வது எளிதாயிற்று. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேரலாம். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ என்னும் கப்பல், 1973 வரை இக்கடல்வழியில் மூன்று தலைமுறை மக்களைச் சுமந்து சென்றது.

தமிழகத்திலிருந்து கடல் கடந்தவர் பலர். செட்டிநாட்டு வணிகரும் கடற்கரை ஊர்களின் மரைக்காயர்களும் தொன்றுதொட்டே சென்று வந்தனர். ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றவர். பினாங்கில் நெடுங்காலம் தங்கிய தமிழ் முஸ்லிம் வணிகர் சிலர் அங்கே மலாய்ப் பெண்களை மணந்தனர். அவ்வழி வந்தவர் ‘ஜாவி பெரானாக்கான்’ என்னும் தனிச் சமூகமாயினர். தென்காசி, கடையநல்லூர் நெசவாளரோ தம் மனைவியரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்றனர். தறி வேலை வீட்டார் அனைவரும் கூடிச் செய்யும் வேலையாதலால், பிழைப்புத் தேடிச் செல்வதும் வீட்டோடு செல்வதாகவே அமைந்தது போலும்!

சிங்கப்பூரில் அவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். ஆண்கள் துறைமுகத்திலும் பிற இடங்களிலும் கூலி வேலை செய்தனர். பெண்களும் வாளாவிருந்தாரல்லர். மிளகாய், மஞ்சள், மல்லி முதலியவற்றை அரைத்து விற்பதை அவர்கள் தொழிலாகக் கொண்டனர். பலவகை மக்கள் வாழும் அந்நகரில் குழம்பு வைக்கும் வீடுகளுக்கு இவர்கள் அரைத்த மசாலாவே சென்றது. கப்பலில் வந்த பொருள்களுள் அம்மியின் பயனே பெரிது என்று சொன்னால் மிகையாகாது. அப்பகுதியில் ஒரு தெருவிற்குக் ‘கடையநல்லூர்த் தெரு’ என்றே பெயரிடப்பட்டது. 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. தென்காசியாரும் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்.

அடுத்து வந்தது உலகப் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றரை ஆண்டுகள் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. கடலுக்கு அக்கரையில் இருந்தவர் உயிரோடு உள்ளனரா என்பதே ஊரில் இருந்தவர்க்குத் தெரியாது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், கடையநல்லூர் லீக் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பின்னர் அஃது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடைபெற்றது. பசியின் கொடுமை ஆறுமுன்னே பள்ளியை நினைத்த அம்மக்களின் உள்ளம் போற்றத்தக்கது.

இவ்வாறு ஓர் ஊரே பெயர்ந்து சென்று அக்கரையில் வேரூன்றியது. இதற்குக் காரணம் பெண்கள் உடன் சென்றமையே. தாய் பேசும் மொழியைப் பிள்ளை பேசும். தாய் வைக்கும் குழம்பையே பிள்ளை விரும்பும். எனினும், எது அந்த ஊரைக் காத்ததோ அதுவே அவ்வீட்டுப் பெண்மக்களின் மேல் பெருஞ்சுமையாகவும் ஏறிற்று. ஊர் அழியாதிருக்க வேண்டுமாயின், மணங்கள் ஊருக்குள்ளேயே நிகழ வேண்டும் என்று பெரியோர் கருதினர்.

மகனுக்கு வயது வந்தால் கடையநல்லூருக்குக் கடிதம் போகும். மகளுக்கு வயது வந்தாலோ அதைவிட விரைவாகப் போகும். மாமன் மகன் அங்கே இருப்பான்; அத்தை மகள் இங்கே இருப்பாள். அவர்கள் ஒருவரையொருவர் நிழற்படத்தில் மட்டுமே கண்டிருப்பர். பெரியோரின் எண்ணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கப்பற் கட்டணத்திற்குப் பணம் தந்து உதவிய அண்ணன் தன் மகளுக்கு வாழ்வு கேட்கிறான். ஊரில் உள்ள பழைய வீட்டில் பங்கு இருக்கிறது. தனியே விடப்பட்ட தாய்க்கு ஒரு மருமகள் வேண்டும். இவையெல்லாம் கடன்கள். ஆனால் அக்கடனை அடைப்பவர் அதனை வாங்கியவர் அல்லர். வாங்கியபொழுது பிறந்திராத ஒரு பெண்ணோ பிள்ளையோ ஆவர்.

தஞ்சோங் பகாரிற் பிறந்து அங்கேயே பள்ளியிற் பயின்ற ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பமும் இவள் குடும்பமும் ஒரே பள்ளிவாசலிற் தொழுபவர். பெருநாளன்று பலகாரத் தட்டுகள் இரு வீட்டிற்கும் இடையே சென்று வரும். அவ்வீட்டு இளைஞனிடம் இவள் மனம் சென்றால், சமயம் தடையாக நிற்பதில்லை. ‘நம் ஊரார் இல்லையே!’ என்பதே தடை. அவள் கண்ணாற் காணாத கடையநல்லூர் அவளுக்கு ஊர். அவள் பிறந்து வளர்ந்த தெரு வெறும் இருப்பிடம். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது எளிதன்று.

நிக்காஹ் நிகழும்போது மணமகளின் சம்மதத்தைக் கேட்டறிவது இஸ்லாமிய முறை. மணமகன் அவளுக்குரிய மஹரை அளிக்கவும் கடமைப்பட்டவன். எனவே பெண்ணின் விருப்பத்திற்கு அச்சமயத்தில் இடம் உண்டு என்பது வெளிப்படை. ஆயினும் சம்மதம் கேட்கப்படும் அவ்வேளையைச் சற்று நோக்குக. முற்றத்தில் ஊரார் கூடியுள்ளனர், விருந்து சமைத்தாயிற்று, மாப்பிள்ளை கப்பலில் ஏழெட்டு நாள் பயணம் செய்து வந்திருக்கிறான். உள்ளறையில் தலை கவிழ்ந்திருக்கும் பெண்ணிடம் முதியவர் ஒருவர் வினவுகிறார். அவள் வாய் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்கின்றனர். அந்த மௌனத்தில் நாணமும் இருக்கலாம், மகிழ்ச்சியும் இருக்கலாம், அச்சமும் இருக்கலாம். எது இருந்தது என்பதை அவள் ஒருத்தியே அறிவாள்.

குடும்பத்தின் அழுத்தம் ஒருபுறமிருக்க, அரசின் சட்டங்களும் வீட்டு வாயிலில் வந்து நின்றன. முன்னர்க் கப்பற் கட்டணம் இருந்தால் போதும். எவரும் செல்லலாம், எவரும் திரும்பலாம். 1953 ஆகஸ்டு முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவு கட்டுப்படுத்தப்பட்டது. 1959இல் மலாயாவில் அவ்விதிகள் மேலும் இறுகின. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்தாண்டுகள் வெளியே தங்கிவிட்ட மனைவி, பின்னர் அவனிடம் செல்ல இயலாது. ஆறு வயது நிறைந்த பிள்ளையும் தந்தையிடம் செல்ல இயலாது. நோயுற்ற மாமியாருக்குப் பணிவிடை செய்ய ஊரில் தங்கிய மருமகளை நினைத்துப் பார்த்தால் இவ்விதியின் கடுமை விளங்கும். எந்தக் கடமையைச் செய்தாள் என்று உலகம் அவளைப் புகழ்ந்ததோ, அக்கடமையே அவளைக் கணவனிடமிருந்து பிரித்தது.

குடியுரிமையும் அக்காலத்தில் ஒரு புதிய கேள்வியாயிற்று. சிங்கப்பூர் 1957இல் தனக்கெனக் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாக இருத்தல் இயலாது என்பது இந்தியாவின் சட்டம். 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. அன்றோடு, அண்ணன் பினாங்கிலும் தம்பி சிங்கப்பூரிலும் தாய் கடையநல்லூரிலும் இருந்த குடும்பம் மூன்று நாட்டுக் குடும்பமாயிற்று. எவரும் வீட்டைவிட்டு ஓரடி பெயரவில்லை, எல்லைக்கோடுகளே பெயர்ந்தன.

பிற்காலத்தே, 1970களில், வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகிற்று. இவ்வூர்களின் இளைஞர் அங்கும் சென்றனர். ஆனால் இப்பயணம் பாட்டன் சென்ற பயணம் போன்றதன்று. குறைந்த ஊதியம் பெறுவோர் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல அந்நாடுகளின் விதிகள் இடந்தருவதில்லை. எனவே ஆண்கள் தனியே சென்றனர். ஒலிநாடாவிற் பேசிப் பதிந்து, ஊருக்குச் செல்லும் நண்பரிடம் கொடுத்தனுப்புவது 1980களில் வழக்கமாயிருந்தது. கணவனின் குரலை மனைவி கதவடைத்துத் தனியே கேட்க விரும்புவாள். மாமியாரோ எல்லாருமாக அமர்ந்து கேட்கலாமே என்பார். இன்று கையடக்கத் தொலைபேசியில் முகமும் தெரிகிறது. ஆயினும் பிரிவு பிரிவாகவே உள்ளது. சிங்கப்பூரிற் கட்டட வேலைக்கும் கப்பல் கட்டும் வேலைக்கும் செல்லும் தமிழ் இளைஞர் பலர் வேலை அனுமதிச் சீட்டுப் பெற்றுச் செல்பவர். அவர்கள் அந்நாட்டுக் குடிமகள் ஒருத்தியை மணக்க விரும்பினால், இரு வீட்டார் இசைந்தாலும் போதாது. அந்நாட்டு அரசின் அனுமதியும் பெறவேண்டும்.

தஞ்சோங் பகாரின் பழைய குடியிருப்புகள் நகர் புதுப்பிக்கப்பட்டபோது மறைந்தன. அங்கே வாழ்ந்தவர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்று பல திசையிற் சிதறினர். தெருவின் பெயர்ப்பலகை எஞ்சியுள்ளது. உமறுப் புலவரின் பெயரை 1983 முதல் ஒரு தமிழ்மொழி நிலையம் தாங்கி நிற்கிறது.

சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்தில் விடுமுறை. குற்றாலத்திற் சாரல் தொடங்குவதும் அம்மாதத்திலேதான். கிழக்கிந்தியக் கம்பெனியார் கீழைத் தீவுகளிலிருந்து கொணர்ந்து பயிரிட்ட கிராம்பும் சாதிக்காயும் இம்மலையில் நன்கு வளர்ந்தன. அருவிக்கரைக் கடைகளில் அவை இன்றும் விற்கப்படுகின்றன. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் அருவியில் நனைந்து, தலை துவட்டி, பழைய வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்வர். பாட்டி பேத்தியின் கையைப் பற்றுகிறாள். மணிக்கட்டிலிருக்கும் புதுக் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இஃது எங்கே வாங்கியது என்று கேட்கிறாள். எப்போது வந்தாய் என்கிறாள். பேத்தி விடை சொல்லுமுன்னரே, எப்போது போகிறாய் என்றும் கேட்டுவிடுகிறாள்.